கண்ணுக்குத் தெரியாத ஆளைக் காயப்படுத்தும்போது கை ஏன் தயங்க மாட்டேங்குது?

2008 ஜனவரி, போலந்துல வூச்னு ஒரு ஊர். 14 வயசுப் பையன் ஒருத்தன் டிவி ரிமோட் ஒண்ணைப் பிரிச்சு மாத்தியமைச்சு, டிராமை இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு திருப்பி விடற தண்டவாளப் பாயிண்ட்ஸ் இருக்கே, அதை ரோட்டுல நின்னுக்கிட்டே மாத்தற மாதிரி பண்ணிட்டான். நாலு டிராம் தடம் புரண்டுச்சு, 12 பேருக்கு அடி. போலீஸ் பிடிச்சப்ப அவன்கிட்ட ஒரு ஸ்கூல் நோட்டு, அதுல எந்த ஜங்ஷன்ல மாத்தினா நல்லாருக்கும், எந்த சிக்னல் குடுக்கணும்னு எழுதி வச்சிருந்தான். வீட்டுல பொம்மை ரயில் வச்சு விளையாடற மாதிரிதான் ஊர் டிராமை வச்சு விளையாடியிருக்கான்னு போலீஸே சொன்னாங்க.

இந்தப் பையன் கெட்டவனா? நேர்ல ஒரு வயசான அம்மா டிராம்ல ஏறும்போது பின்னாடி நின்னு தள்ளி விடுடான்னா தள்ளியிருப்பானா? பெரும்பாலும் மாட்டான்னுதான் நான் நினைக்கறேன். ஆனா அவன் பண்ணது அதை விடப் பெரிய வேலை, தள்ளி விட்டா ஒருத்தருக்கு அடி, இங்க 12 பேருக்கு. ஒரே ஆள், ஒரே மனசு, கையால பண்ண மாட்டான், ரிமோட்டால பண்ணுவான். இது ஏன் இப்படிங்கறதைப் பத்தி மாரல் சைக்காலஜினு ஒரு துறையே பேசுது. அதாவது எது சரி எது தப்புன்னு சொல்றது அவங்க வேலை இல்ல, அது தத்துவத்தோட வேலை. சரி தப்புன்னு முடிவு பண்ணும்போது நம்ம மண்டைக்குள்ள, உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறவங்க இவங்க.

முதல்ல ஒரு சோதனையைச் சொல்றேன், எனக்கு இந்த விஷயம் புரிஞ்சதே அதைப் படிச்ச அப்பறம்தான். ஃபியரி குஷ்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் கூட இருந்தவங்களும் 2012ல வெளியிட்டது. ஆளுங்களைக் கூப்பிட்டு கையில சுத்தியல் குடுத்து, எதிர்ல உக்காந்திருக்கறவரோட முழங்காலுக்குக் கீழ ஓங்கி அடிங்கன்னு சொல்றாங்க. பேண்ட்டுக்குள்ள இருக்கறது கால் இல்ல, பிளாஸ்டிக் பைப்பு, அது அடிக்கறவருக்கும் நல்லாத் தெரியும், ஏமாத்தற வேலையே கிடையாது. அதே மாதிரி பொம்மைத் துப்பாக்கியை ஒருத்தரோட முகத்துக்கு நேரா வச்சு சுடச் சொல்றாங்க, குழந்தை பொம்மையைத் தூக்கி டேபிள்ல அடிக்கச் சொல்றாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நூறு சதவீதம் தெரிஞ்சும் அவங்க உடம்பு ஒத்துக்கல, ரத்தக் குழாய் சுருங்குது, உடம்பு பூரா டென்ஷன். இதுல முக்கியமான இடம் எதுன்னா, அதே வேலையை இன்னொருத்தர் செய்யறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்கு அந்த அளவு ஆகல. அப்போ இது வெறும் ஐயோ பாவம்ங்கற இரக்கம் மட்டும் இல்ல. இரக்கம்னா பாக்கறவனுக்கும் வரணும்ல? இங்க அந்தச் செயலையே கை வேண்டாம்ங்குது. சுத்தியல், எதிர்ல ஒரு காலு, ஓங்கறது, இந்த மூணும் சேந்தா உடம்பே பிரேக் போடுது, யோசிக்கறதுக்கு முன்னாடியே.

இப்ப இதை அப்படியே ஒரு கீபோர்டுக்குக் கொண்டு வாங்க. என்டர் கீயை அமுக்கறோம். அதே என்டர் கீயிலதான் சொந்தக்காரங்க குரூப்புக்கு குட்மார்னிங் படம் அனுப்பறோம், ஈபி பில் கட்டறோம், ரயில் டிக்கெட் போடறோம். அந்த விரல் அசைவுக்கும் ஒருத்தரோட வலிக்கும் நடுவுல நம்ம உடம்பு எந்த சம்பந்தத்தையும் கத்துக்கவே இல்ல. சுத்தியலுக்கு இருக்கற பிரேக் என்டருக்கு இல்ல. விரல் அமுக்கும்போது ரத்தக் குழாய் சுருங்காது, கை வேர்க்காது, எதிர்ல ஒரு முகம் சுளிக்காது. மிச்சம் இருக்கறது மூளையில "இது தப்பு"ன்னு ஒரு வாக்கியம் மட்டும்தான், அந்த வாக்கியத்தோட பேரம் பேசறது ரொம்ப சுலபம்.

தூரம் எவ்வளவு வேலை செய்யுதுங்கறதுக்குப் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, ஸ்டான்லி மில்கிராம்ங்கற சைக்காலஜிஸ்ட் 1961ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது. நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, இன்னொருத்தர் கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா அவருக்கு ஷாக் குடுன்னு ஒரு அதிகாரி சொல்வார், 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 450 வரைக்கும் 30 சுவிட்ச். ஷாக் வாங்கறவர் நடிகர், நிஜமா கரண்ட் இல்ல, ஆனா சுவிட்ச் போடறவருக்கு அது தெரியாது. எல்லாரும் "மனுஷன் மேலதிகாரி சொன்னா எதையும் செய்வான்"னு அதோட நிறுத்திடுவாங்க. எனக்கு அதுல முக்கியமாப் படறது வேற, அவர் தூரத்தை மட்டும் மாத்தி மாத்திப் பாத்தார். ஷாக் வாங்கறவர் பக்கத்து ரூம்ல, குரலே கேக்கல, சுவத்தைத் தட்டற சத்தம் மட்டும்னு வச்சப்ப 40 பேர்ல 26 பேர் கடைசி சுவிட்ச் வரைக்கும் போனாங்க. குரல் கேக்கற மாதிரி பண்ணா 25. ஒரே ரூம்ல கண்ணு முன்னாடி உக்கார வச்சா 16. அவர் கையைப் பிடிச்சு நீங்களே ஷாக் அடிக்கற பிளேட் மேல அழுத்தி வைக்கணும்னு சொன்னா 12. அதிகாரி மாறல, உத்தரவு மாறல, வோல்ட் மாறல. இந்த சோதனையைப் பத்தி விமர்சனம் நிறைய இருக்கு, சில பேருக்கு இது நாடகம்னு சந்தேகம் வந்திருக்கும்னு சொல்றாங்க, இருக்கலாம். ஆனா தொட்டுத்தான் பண்ணணும்னு வந்தப்பவும் 12 பேர் போனாங்கங்கறதையும் மறக்கக் கூடாது, பக்கத்துல இருந்தா எல்லாரும் நல்லவனாயிடுவான்னு நான் சொல்ல வரல.

இப்ப ஹேக் பண்ணக்கூடிய பொருளுங்க இதுல என்ன புதுசா சேக்குதுன்னு பாக்கணும். ஒரு பேஸ்மேக்கரை எடுத்துக்கோங்க. இதயத் துடிப்பைச் சீரா வச்சிருக்க நெஞ்சுக்குள்ள தோலுக்கு அடியில வைக்கற கருவி, செட்டிங்கை மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் கத்தி வைக்க முடியுமா? அதனால ரேடியோ சிக்னல் வழியா டாக்டர் வெளியில இருந்தே பேசற மாதிரி வச்சாங்க, நல்லதுக்குத்தான். ஆனா வெளியில இருந்து வர்ற உத்தரவைக் கேக்கற கருவி, உத்தரவு குடுக்கறது யாருன்னு சரியா விசாரிக்கலேன்னா எவன் சொன்னாலும் கேக்கும். அமெரிக்கத் துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி நெஞ்சுல இருந்த கருவியோட வயர்லெஸ்ஸை 2007லயே டாக்டர் நிறுத்தி வச்சுட்டார், யாராவது அதை வச்சுக் கொல்லலாம்ங்கற பயம், இதை அவரே பின்னாடி 2013ல டிவியில சொன்னார். 2017ல ஒரே கம்பெனியோட சுமார் 4,65,000 பேஸ்மேக்கருக்கு அமெரிக்காவுல சாஃப்ட்வேர் அப்டேட் போட வேண்டி வந்துச்சு, ஓட்டை இருந்ததால. அதை வச்சு யாரையும் காயப்படுத்தினதா தகவல் இல்ல, அதையும் சொல்லிடணும், வீட்டுல பேஸ்மேக்கர் வச்சவங்க இருந்தா இதைப் படிச்சுட்டு பயந்துடாதீங்க, அந்தக் கருவி காப்பாத்தற உயிர் ரொம்ப அதிகம்.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, கருவி எங்கேயோ இருக்கறவரோட இதயத்துல, காருல, ஆஸ்பத்திரியில மாட்டியிருக்கு, ஆனா தாக்கறவன் முன்னாடி இருக்கற ஸ்கிரீன்ல ஒரு வரி மட்டும்தான் தெரியுது. இன்டர்நெட்ல அந்தக் கருவியோட விலாசம் மாதிரி ஒரு ஐபி நம்பர், உள்ள போற கதவு மாதிரி ஒரு போர்ட் நம்பர், கதவு திறந்திருக்குன்னு சொல்ற ஓப்பன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அந்த மனுஷன். மில்கிராம் சோதனையிலயாவது பக்கத்து ரூம் சுவத்தைத் தட்டற சத்தம் கேட்டுச்சு, இங்க தட்டறதுக்கு சுவரே கிடையாது. அந்த வரிக்கு அவங்க வச்சிருக்கற பேரைப் பாருங்க, டார்கெட்னா குறி, ஹோஸ்ட்னா நெட்வொர்க்ல இருக்கற ஒரு மெஷின், போட்னா சொன்னதைச் செய்யற மெஷின். ஆல்பர்ட் பண்டூரான்னு பெரிய சைக்காலஜிஸ்ட், மனசாட்சியை மனுஷன் எப்படியெல்லாம் கழட்டி வைக்கறான்னு வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணவர், அவர் சொன்ன வழிகள்ல ஒண்ணு இதுதான், செய்யற வேலைக்கு வேற பேர் வச்சிடறது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் பறிக்கற லாக்பிட்ங்கற கும்பல், நாங்க பண்றது பிசினஸ், கம்ப்யூட்டர்களைப் பாத்துக்கற சிஸ்டம் அட்மின்களுக்கு காசு வாங்கிட்டு ட்ரெய்னிங் குடுக்கறோம்னு சொல்லிக்கிட்டாங்க. இன்னொரு வழி பொறுப்பைப் பங்கு போட்டுக்கறது. சாஃப்ட்வேர் எழுதினவன் ஒருத்தன், உள்ள நுழைஞ்சவன் இன்னொருத்தன், பேரம் பேசினவன் மூணாவது ஆள், பாஸ்வேர்டை மாத்தாம விட்டது ஆஸ்பத்திரி தப்பு, அப்ப நான் என்ன பண்ணேன்னு ஒவ்வொருத்தனும் கேக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க, இங்க வில்லைப் பிடிச்சவன், நாணை இழுத்தவன், குறி பாத்தவன் எல்லாம் வேற வேற ஆள், அம்பு போய்த் தைச்ச இடத்தை அவங்கள்ல ஒருத்தனும் பாக்கல.

2020 செப்டம்பர்ல ஜெர்மனி டூஸல்டார்ஃப்ல நடந்தது இதுக்கெல்லாம் நடுவுல வச்சுப் பாக்க வேண்டிய கேஸ். அங்க இருக்கற யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியோட 30 சர்வரைப் பூட்டிட்டாங்க, எமர்ஜென்சி கேஸ் எடுக்க முடியாமப் போச்சு. 78 வயசு அம்மா ஒருத்தங்களை ஏத்திட்டு வந்த ஆம்புலன்ஸை சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி வூப்பர்டாலுக்குத் திருப்பி விட்டாங்க, சிகிச்சை ஆரம்பிக்கவே ஒரு மணி நேரம் லேட், அவங்க இறந்துட்டாங்க. மிரட்டல் கடுதாசி யாருக்கு எழுதியிருந்துச்சுன்னா, ஆஸ்பத்திரிக்கு இல்ல, அதோட சேந்த யுனிவர்சிட்டிக்கு. போலீஸ் அந்தக் கும்பலைத் தொடர்பு கொண்டு, நீங்க பூட்டினது ஆஸ்பத்திரி, நோயாளிங்க உயிர் ஆபத்துல இருக்குன்னு சொன்னாங்க. உடனே பூட்டைத் திறக்கற டிஜிட்டல் சாவியை அனுப்பிட்டாங்க, காசு வாங்காம. அப்பறம் ஆளைக் காணோம். பின்னாடி விசாரிச்ச அரசு வக்கீலுங்க, அந்த அம்மாவோட நிலைமை ஏற்கெனவே ரொம்ப மோசமா இருந்ததால சாவுக்கு இந்தத் தாக்குதல்தான் காரணம்னு சட்டப்படி நிரூபிக்க முடியாதுன்னு முடிவு பண்ணாங்க.

நான் இதை நிறைய தடவை யோசிச்சுப் பாத்திருக்கேன். சாவியைக் குடுத்தாங்கங்கறது சின்ன விஷயம் இல்ல, அவங்களுக்கும் பிரேக் இருக்குன்னு அர்த்தம், யாரோ ஒருத்தர் "அங்க நோயாளி இருக்காங்க"ன்னு சொன்ன உடனே அது வேலை செஞ்சிருக்கு. ஆனா அந்தத் தகவல் கூகுள்ல ஒரு நிமிஷம் தேடியிருந்தா கிடைச்சிருக்கும். தேடல. தேடறதுக்கு எதுவும் அவங்களைத் தூண்டல, ஸ்கிரீன்ல இருந்தது சர்வர் பேரு மட்டும். 2022 டிசம்பர்ல கனடா டொராண்டோவுல குழந்தைங்க ஆஸ்பத்திரியையே தாக்கினாங்க, அது லாக்பிட் கும்பலோட வேலை, அவங்களும் மன்னிப்புக் கேட்டு சாவியை அனுப்பினாங்க, எங்க பார்ட்னர் ஒருத்தர் விதியை மீறிட்டார்னு சொன்னாங்க. விதி என்னன்னா, உயிர் போகக்கூடிய இடங்களைப் பூட்டக் கூடாது, ஆனா அங்க இருந்து தகவலைத் திருடலாமாம். அதாவது பிரேக் முழுசா போகல, எங்க கோடு போட்டா தூக்கம் வரும்னு பாத்து அங்க போட்டு வச்சிருக்காங்க. நம்ம டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர்ல இப்படித்தான் நின்னுச்சு, ஓபி சீட்டெல்லாம் கையால எழுதினாங்க. அங்க வரிசையில நின்னவங்க எந்தெந்த ஊர்ல இருந்து ராத்திரி ரயில் ஏறி வந்தவங்கன்னு பூட்டினவனுக்கு எப்படித் தெரியும்?

இது வரைக்கும் சொன்னதை வச்சு, தெரியாமப் பண்றாங்க, தெரிஞ்சா பண்ண மாட்டாங்கன்னு தோணும். அப்படியும் இல்ல, அந்த இடத்துலதான் எனக்கு மனசு கனமாகுது.

என் தங்கச்சிக்கு வலிப்பு இருக்கு. சின்ன வயசுல முதல் தடவை வந்தப்ப நான் பக்கத்துல உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருந்தேன், திரும்பிப் பாத்தா அவ கண்ணு மேல சொருகிடுச்சு, பல்லு கிட்டிச்சுப் போச்சு, கை ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயோரம் நுரை. அம்மா அலற, பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில குடுங்க, இரும்பைக் குடுங்கன்னு கத்தினாங்க, நானும் பீரோ சாவியை எடுத்து அவ விரலைப் பிரிச்சுத் திணிச்சேன். அது ஒண்ணுக்கும் உதவாதுன்னும், ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு ஏதாவது மெத்துன்னு குடுத்து, மணி பாத்துக்கிட்டுக் கூடவே இருக்கறதுதான் செய்ய வேண்டியதுன்னும் அப்பறம்தான் டாக்டர் சொன்னார். மூளையோட மின் அலையைப் பாக்கற ஈஈஜி டெஸ்ட் எடுக்கும்போது கண்ணு முன்னாடி லைட்டைப் பட பட பட்டுன்னு மின்ன விட்டுப் பாத்தாங்க. வலிப்பு உள்ளவங்கள்ல நூத்துக்கு மூணு பேர் மாதிரி சில பேருக்கு மின்னற வெளிச்சமே வலிப்பைக் கொண்டு வரும். என் தங்கச்சி அந்த மூணுல ஒருத்தி.

இப்ப இதைக் கேளுங்க. 2008 மார்ச்ல, அமெரிக்காவுல எபிலப்சி ஃபவுண்டேஷன்னு வலிப்பு உள்ளவங்களுக்கான அமைப்பு, அங்க நோயாளிங்க ஒருத்தருக்கொருத்தர் ஆறுதலாப் பேசிக்கற இணையப் பக்கத்துல யாரோ புகுந்து மின்னி மின்னி எரியற படங்களை அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. 2019 நவம்பர்ல அதே அமைப்போட ட்விட்டர்ல மறுபடியும், அதுவும் வலிப்பு விழிப்புணர்வு மாசம்னு தெரிஞ்சே, நோயாளிங்க நிறைய பேர் பாத்துக்கிட்டிருக்கற நேரம்னு தெரிஞ்சே. பாஸ்வேர்டு உடைக்கல, சர்வர்ல நுழையல, படம் தானா ஓடற வசதியையே ஆயுதமா எடுத்துக்கிட்டாங்க. 2016 டிசம்பர்ல கர்ட் ஐகன்வால்ட்ங்கற பத்திரிகையாளருக்கு ஒருத்தன் இப்படி ஒரு படத்தை அனுப்பினான், உன் எழுத்துக்கு உனக்கு வலிப்பு வரணும்னு அதுலயே எழுதி. வந்துச்சு. அவர் மனைவிதான் அவரைக் கண்டுபிடிச்சு, ஸ்கிரீன்ல ஓடிக்கிட்டிருந்ததை போட்டோ எடுத்தாங்க. அனுப்பினவனோட கணக்குல போலீஸ் பாத்தா, வலிப்பை எதெல்லாம் தூண்டும்ங்கற பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட், அவர் இறந்துட்டதா தேதி போட்டு மாத்தின விக்கிபீடியா பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட். செத்துடுவாரான்னு பாக்கலாம்ங்கற மாதிரி நண்பர்கள்கிட்ட எழுதியும் இருக்கான். இந்த சேதி வெளிய வந்த அப்பறம் பாவம்னு விட்டாங்களா? இன்னும் பல பேர் அவருக்கு அதே மாதிரி படம் அனுப்பினாங்க.

இவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. டிராம் பையனுக்கு உள்ள ஆள் இருக்கறது தோணல, டூஸல்டார்ஃப் கும்பலுக்கு நோயாளி இருக்கறது தெரியல, இவனுக்கு எல்லாமே தெரியும். அதனால தூரம்ங்கற ஒரே வார்த்தையை எல்லாத்துக்கும் மருந்து மாதிரி தடவ முடியாது, மூணையும் பிரிச்சுப் பாக்கணும். சில பேருக்கு தூரம் ஆளையே மறைச்சிடுது. சில பேருக்கு ஆள் தெரிஞ்சும் உடம்பு போடற பிரேக்கை எடுத்துடுது. இன்னும் சில பேருக்கு வெறுப்பு ஏற்கெனவே இருக்கு, தூரம் அதுக்கு தைரியம் மட்டும்தான் குடுக்குது, நம்மளை யாரும் பிடிக்க மாட்டாங்க, திருப்பி அடிக்க மாட்டாங்கங்கற தைரியம். ஆனா இந்த மூணாவது ஆள்கிட்ட கூட நான் ஒண்ணு கேக்கணும்னு நினைப்பேன். அந்தப் பத்திரிகையாளர் வீட்டுக்குப் போய், அவர் எதிர்ல உக்காந்து, கையில லைட்டை மின்ன விட்டு, அவர் கண்ணு சொருகி, நாக்கைக் கடிச்சு, பேண்ட்லயே ஒண்ணுக்குப் போற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்க உன்னால முடியுமா? பத்து பேர்ல எத்தனை பேரால முடியும்?

தூரம்னா கிலோமீட்டர் இல்லங்கறதும் இதுல புரியும். ராணுவ ட்ரோன் ஓட்டறவங்க பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உக்காந்திருக்காங்க, ஆனா ஒருத்தரை நாள் கணக்கா கேமராவுல பாத்து, அவர் பிள்ளைங்களோட விளையாடறதைப் பாத்து, குண்டு போட்ட அப்பறம் என்ன ஆச்சுன்னும் பாக்க வேண்டியிருக்கறதால அவங்கள்ல சில பேர் மனசு நொந்து போறாங்க. கண்ணு பாத்தா தூரம் சுருங்குது.

கண்ணே பாக்கலேன்னாலும் கற்பனை பாத்தா போதும்ங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். 2015ல சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக்னு ரெண்டு பேர் ஜீப் செரோக்கி காரை இன்டர்நெட் வழியா ஹேக் பண்ணிக் காட்டினாங்க, ஒரு பத்திரிகையாளர் சம்மதத்தோட, அவர் ஹைவேயில ஓட்டிக்கிட்டிருக்கும்போதே வைப்பரைப் போட்டு, பாட்டை அலற விட்டு, கடைசில ஆக்ஸிலேட்டரே வேலை செய்யாத மாதிரி பண்ணாங்க. அதுக்கு அப்பறம் 14 லட்சம் வண்டியை கம்பெனி திரும்பக் கூப்பிட்டுச்சு. நிஜ ரோட்டுல அப்படிப் பண்ணது சரியான்னு அப்பவே சண்டை நடந்துச்சு, எனக்கும் அது பிடிக்கல, பின்னாடி வந்த வண்டிக்காரர்கிட்ட யாரு சம்மதம் வாங்கினா? ஆனா அதே வலாசெக் சொன்ன ஒண்ணு மனசுல நிக்குது. நாட்டுல எந்த மூலையில இருக்கற வண்டியையும் இப்படித் தொட முடியும்னு தெரிஞ்சப்ப அவர் பயந்து போயிட்டாராம், இது எங்கேயோ நிஜமான ஹைவேயில போற வண்டின்னு அப்பதான் உறைச்சுதாம். ஸ்கிரீன்ல இருந்த வரி வண்டியாச்சு. ஜே ராட்கிளிஃப்னு ஒருத்தர் 2011ல உடம்புக்கு இன்சுலின் மருந்தைத் தானா செலுத்தற பம்ப்பை ஹேக் பண்ண முடியும்னு மேடையில காட்டினார், அவர் சுகர் நோயாளி, அது அவர் இடுப்புல மாட்டியிருந்த பம்ப்பு. அவருக்கு அது வரியாவே இருந்ததில்ல.

அதனால புள்ளைங்களுக்கு எத்திக்கல் ஹேக்கிங்னு, அதாவது ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைக்கறதுக்காக அனுமதியோட ஹேக் பண்றதுன்னு, கோர்ஸ் எடுக்கறவங்ககிட்ட நான் கேட்டுக்கறது, சட்டம் என்ன தண்டனை குடுக்கும்னு ஒரு மணி நேரம் சொல்றீங்களே, கூடவே ஒரு தடவை ஆஸ்பத்திரி ஐசியூ வாசல்ல நிக்க வையுங்க, இன்சுலின் பம்ப் போட்ட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பேச வையுங்க. சட்டமும் வேணும்தான். பிரிட்டன்ல ஸாக்னு வலிப்பு உள்ள சின்னப் பையன், நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட நடந்தான், அந்தப் பதிவுக்குக் கீழயே மின்னற படங்களை அனுப்பினாங்க. அதுக்கு அப்பறம் போராடி, 2023ல வந்த ஆன்லைன் பாதுகாப்புச் சட்டத்துல, வலிப்பு உள்ளவங்களைக் காயப்படுத்த வேணும்னே இப்படி அனுப்பறதைத் தனிக் குற்றமாவே சேத்தாங்க, அவன் பேர்லதான் அதைச் சொல்றாங்க. ட்விட்டரும் 2019 டிசம்பர்ல, தானா ஓடறதை நிறுத்த முடியாத ஒரு வகைப் படத்தை ஏத்தவே முடியாம பண்ணிடுச்சு.

என் தங்கச்சி போன்ல வீடியோ தானா ஓடறதை எல்லா ஆப்லயும் நான்தான் உக்காந்து ஆஃப் பண்ணி வச்சேன். மின்னற மாதிரி ஏதாவது வந்துட்டா கண்ணை மூடினா பத்தாது, இமை வழியாவும் வெளிச்சம் உள்ள வரும், ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா மூடிக்கிட்டு முகத்தைத் திருப்பணும்னு டாக்டர் சொல்லிக் குடுத்தார். புதுப் படத்து டீசர் வந்தா இப்பவும் அவ உடனே பாக்க மாட்டா, "அண்ணா நீ முதல்ல பாரு"ன்னு எனக்கு அனுப்புவா, நான் கடைசி வரைக்கும் பாத்துட்டு, எந்த நொடியில லைட் மின்னுதுன்னு எழுதி அனுப்புவேன்.